இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன்



சிட்னியில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் நேற்று போனில் பேசினார. மகனுக்குப் பள்ளியில் 'வின் பரிசு' பற்றிய பாடமாம். "ஜெயிச்சவங்க பேரையும் வருஷத்தையும் மனப்பாடம் பண்ணச் சொல்லிட்டேன் சார்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

மனப்பாடம் செய்யவா அந்தப் பரிசு? நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 1897 முதல் கொடுத்துவரும் பரிசு அது. ஆஸ்திரேலிய நிலக்காட்சியைத் தீட்டிய சிறந்த ஓவியத்துக்கு, அல்லது சிறந்த உருவச் சிற்பத்துக்கு. இரண்டும் ஒரே பரிசுக்குப் போட்டி! ஓவியம் தட்டையான துணியில் தூரத்தைக் காட்ட வேண்டும். சிற்பத்தையோ சுற்றி வந்து பார்க்க வேண்டும்; உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று கவனிக்க வேண்டும். இரண்டையும் எந்தத் தராசில் நிறுப்பது? பாடமே அங்கேதான் தொடங்குகிறது.

1999-ல் வென்றது குளோரியா பெட்யார் என்ற பழங்குடி ஓவியரின் 'இலைகள்'. வானமும் இல்லை, அடிவானமும் இல்லை. படம் முழுக்க இலை இலையாகத் தூரிகைத் தீற்றல்கள். இது நிலக்காட்சியா? 2010-ல் வென்றவர் சாம் லீச். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஆடம் பைனாக்கரின் இத்தாலிய ஏரிக் காட்சியை ஒட்டி அவர் வரைந்தது தெரிந்ததும் பெரிய சர்ச்சை. ஆனாலும் பரிசு மாறவில்லை. அது சரியா? வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்துப் பேசவிடுங்கள். நிலக்காட்சி என்றால் என்ன என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

"கலையில் போட்டி எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். போட்டியில் குற்றமில்லை. எதற்குப் பரிசு கொடுக்கிறோம் என்பதில்தான் குற்றம். இதை நானே செய்தவன்.

கரும்பலகையில் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை வரைவேன். அச்சு அசலாகப் பார்த்து வரைந்தவனுக்குப் பென்சில் பரிசு. நம் ஊரிலிருந்து பார்த்தால் மலையே தெரியாது! ஒருத்தி மட்டும் வறண்ட ஏரியை வெடிப்பு வெடிப்பாக வரைந்து வந்தாள். சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டேன். அம்மா, நீ இதைப் படித்தால் சொல்கிறேன்: அன்று பரிசு உனக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

சிட்னி மாணவரே, மகனைக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப் போங்கள். அவனுக்குப் பிடித்ததை அவனே தேர்ந்தெடுத்து மூன்று காரணம் சொல்லட்டும். ஜெயித்தது எது என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.