கட்டாத புடவைதான் மிஞ்சும்

அமெரிக்கக் குதிரைப்படையோட 1872 மாடல் விழாக்கால ஹெல்மெட்டை முதன்முதலா பார்க்கிற தமிழருக்கு ஞாபகம் வர்றது கல்யாண பேண்ட் செட்தான். கறுப்பு ஃபெல்ட், நெத்தியில பித்தளைக் கழுகு, அங்கிருந்து இறங்கி மார்புக்கு வர்ற மஞ்சள் கயிறு, உச்சியில மஞ்சள் சாயம் போட்ட குதிரைமுடிக் குஞ்சம். எங்க ஹால்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற அப்படி ஒண்ணைப் பார்த்து என் ஒன்பது வயசு மகள் கேட்டா: "அப்பா, இதைப் போட்டுக்கிட்டா சண்டை போட்டாங்க? மைல் கணக்கில தெரியுமே!"

போடலை. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பூர்வகுடிகளோட நிலத்துக்காக நடந்த போர்கள்ல வீரர்கள் போட்டது அகலத் தொப்பியும் முரட்டுச் சட்டையும். 1876 ஜூன் 25 அன்னிக்கு மொன்டானாவில லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில லகோட்டா, செயென் வீரர்கள்கிட்ட கஸ்டரோட 7-வது குதிரைப்படை தோத்துப்போச்சு. சினிமாவில வாளை உருவிக்கிட்டு வருவாங்க. நிஜத்தில வாள்களைக்கூட முகாம்லயே விட்டுட்டுத்தான் போனாங்க. குஞ்சம் வெச்ச ஹெல்மெட்டும் மஞ்சள் ஓரம் தைச்ச நீலக் கோட்டும் கோட்டைக்குள்ள அணிவகுப்புக்கும் சடங்குக்கும்தான்.

அப்போ ஏன் இன்னிக்கு அதுதான் அதிகம் கிடைக்குது? உங்க வீட்டு பீரோவைத் திறந்து பாருங்க. பாட்டியோட கூறைப்புடவை இருக்கும். அவங்க தினம் கட்டின நூல் புடவை தூளியாகி, கரித்துணியாகி, எப்பவோ காணாமப் போயிருக்கும். ராணுவத்திலயும் அதே கதை. உழைச்ச துணி கிழிஞ்சு போச்சு, உட்கார்ந்திருந்த துணி தங்கிடுச்சு. அதனால இந்தச் சேகரிப்பு முழுக்க ஒரு ராணுவம் தன்னை எப்படிக் காட்டிக்க ஆசைப்பட்டதுங்கிறதோட ஆல்பம்தான். 1881-ல வந்த ஹெல்மெட்ல காலாட்படைக்குக் குஞ்சத்துக்குப் பதிலா கூர்முனையே வெச்சாங்க. பிரான்ஸைத் தோற்கடிச்ச பிரஷ்யாவோட பாணி அது. ஜெயிச்சவன் தொப்பியைப் பார்த்துத் தொப்பி தைக்கிற பழக்கம் எல்லா ராணுவத்துக்கும் உண்டு.

1902-ல புது சீருடை விதிகள் வந்ததும் இந்த ஹெல்மெட் காலம் முடிஞ்சது. ராணுவம் கழிச்ச சரக்கை மொத்தமா வாங்கி விற்ற நியூயார்க் வியாபாரி ஃபிரான்சிஸ் பேனர்மேன், ஹட்சன் ஆற்றில ஒரு தீவையே வாங்கி, கோட்டை மாதிரி கிடங்கு கட்டினார். இப்படிப்பட்ட கடைகள் வழியா நாடகக் கம்பெனிக்கும் ஊர்வலத்துக்கும் போன துணிகள்தான் பழம்பொருள் சந்தைக்கு வருது.

வாங்க நினைக்கிறவங்களுக்கு என் அனுபவம். முதல்ல உள்பக்கம் திருப்பிப் பாருங்க. சிப்பாய் கோட்னா லைனிங்ல ராணுவக் கிடங்கோட முத்திரை இருக்கணும். அதிகாரிகள் சொந்தக் காசில தையல்காரர்கிட்ட தைச்சுக்கிட்டாங்க, அதனால கடைப் பெயர்ச்சீட்டு இருக்கலாம். இருட்டு அறையில யூவி டார்ச் அடிங்க. நூல் பளீர்னு வெள்ளையா மின்னினா நூல் புதுசு, இல்லாட்டி யாரோ இந்தக் காலத்து சோப்புத்தூள்ல துவைச்சிருக்காங்க. ரெண்டுமே விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கக் காரணம்.

எண் 7 மேல சந்தேகம் இருக்கட்டும். லிட்டில் பிக்ஹார்ன்ல கிடைச்ச ஒரு படைக்கொடியை டெட்ராய்ட் அருங்காட்சியகம் 1895-ல 54 டாலருக்கு வாங்கி, 2010-ல 22 லட்சம் டாலருக்கு ஏலத்தில வித்தது. கஸ்டர் பெயருக்கு இவ்வளவு மதிப்பு இருந்தா, குறுக்கு வாள் பேட்ஜ்ல வேற எண்ணைக் கழட்டிட்டு 7 மாட்டுறவன் இருக்கத்தானே செய்வான்? எனக்கு 9, 10 பிடிக்கும். கறுப்பின வீரர்களை வெச்சு 1866-ல உருவாக்கின குதிரைப்படைகள் அவை. அடிமைத்தனம் ஒழிஞ்ச கொஞ்ச காலத்திலேயே அவங்க அந்த உடுப்பைப் போட்டுக்கிட்டு இன்னொரு மக்களோட நிலத்துக்குப் போனாங்க. இதை மகளுக்கு எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சு, கடைசியில நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

பராமரிப்புக்கு அம்மா அறிவுரை வேண்டாம். பித்தளைக் கழுகுக்குப் புளி போட்டீங்கன்னா நூத்தைம்பது வருஷத்து முலாம் அஞ்சு நிமிஷத்தில போயிடும். அந்துருண்டையும் வேண்டாம். பூச்சி இருக்குன்னு சந்தேகம் வந்தா, காத்துப் புகாத பையில கட்டி டீப் ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வெச்சா போதும். பிள்ளைகளுக்கு மாட்டி போட்டோ எடுக்கவே கூடாது. பழைய சேகரிப்புகளுக்குப் பூச்சி அரிக்காம இருக்க ஆர்செனிக் அடிக்கிற வழக்கம் இருந்தது. கையுறை போட்டுத்தான் தொடுங்க.

இன்னொரு விஷயம். யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகள்ல வந்த குடும்பம், என் நண்பனோடது. அவனோட அம்மா எங்க வீட்டுக்கு வந்தப்போ கோட்டைப் பார்த்துட்டு வாசல்லயே நின்னுட்டாங்க. "உதை ஏன் தம்பி வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறியள்?" இது வேற நாடு, வேற காலம், வெறும் அலங்கார உடுப்புன்னு விளக்கினேன். பொறுமையா கேட்டாங்க. "ஆமிக்காரன்ர உடுப்பு உடுப்புத்தான்" அப்படின்னு மட்டும் சொன்னாங்க.

அவங்க சொன்னது லகோட்டா மக்களுக்குப் பொருந்தாதுன்னு என்னால சொல்ல முடியலை. 1890 டிசம்பர் 29 அன்னிக்கு உண்டட் நீ ஓடைக்கரையில பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துச் சுட்டது இதே 7-வது படைதான். 146 உடல்களை ஒரே குழியில புதைச்சாங்க. அந்தக் காலத்து லகோட்டாக்கள் தங்களைத் தோட்டாவிலிருந்து காப்பாத்தும்னு நம்பி அணிஞ்ச ஒரு சட்டை, கிளாஸ்கோவில கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்துக்கு 1892-ல போய்ச் சேர்ந்தது. 1999-ல அதைத் திருப்பிக் கொடுத்தாங்க. பூர்வகுடிகளோட மனித எச்சங்களையும் புனிதப் பொருட்களையும் திருப்பிக் கொடுக்கச் சொல்ற 1990-ம் வருஷச் சட்டம் அரசு நிறுவனங்களையும் அரசுப் பணம் வாங்குற அருங்காட்சியகங்களையும்தான் கட்டுப்படுத்தும், வீட்டுச் சேகரிப்பை இல்லை. அதனால எங்க வீட்டுக்கு நாங்களே போட்டுக்கிட்ட சட்டம் இது: ராணுவம் தைச்ச துணியை வாங்கலாம், எடுத்துக்கிட்டு வந்ததை வாங்கக் கூடாது. எவ்வளவு மலிவா வந்தாலும் சரி.

கோட்டை ஹால்லேர்ந்து என் வேலை அறைக்கு மாத்திட்டேன். ஹெல்மெட் மட்டும் ஹால்ல இருக்கு, பக்கத்தில மகள் தன் கையெழுத்தில "இதைச் சண்டைக்குப் போடலை" அப்படின்னு தமிழ்ல ஒரு அட்டை எழுதி வெச்சிருக்கா ('சண்டை'க்கு மூணு சுழி 'ண' போட ரெண்டு அட்டை வீணாச்சு). இப்போ அவளுக்குத் தினம் போட்டுத் தேஞ்ச சட்டை ஒண்ணு வேணுமாம், அஞ்சு பொத்தான் வெச்ச 1874 மாடல் நீலச் சட்டை. விலையை விசாரிச்சேன். ஹெல்மெட்டைவிட அதிகமாச் சொல்றாங்க.