சேவை குற்றமல்ல, உரிமைக்கு மாற்றுமல்ல

மைசூரு தேவராஜ மொஹல்லா சந்தையில் மூட்டை சுமப்போரும் பூக்கட்டும் பெண்களும் நோயுற்றால் எங்கே செல்வது? அந்நகரின் மண்டி மொஹல்லாவில், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1906இல் வெஸ்லியன் மிஷனரிகள் நிறுவியதே ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனை. மக்களுக்கு அது 'மிஷன் ஆஸ்பத்திரி'.

இத்தகைய பணிகளையே சங் பரிவாரம் மதமாற்றச் சூழ்ச்சி என்கிறது. கர்நாடக பாஜக அரசு 2022இல் கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டம், மத அமைப்புகளின் பள்ளிகள் அளிக்கும் இலவசக் கல்வியையும் 'ஆசைகாட்டுதல்' என்று வரையறுத்தது. மதம் மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ தலித்தாகவோ பழங்குடியினராகவோ இருந்தால் சிறைத் தண்டனை பத்தாண்டு வரை நீளும். சுயமாக முடிவெடுக்கும் அறிவு இவர்களுக்கு இல்லை என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்? இச்சட்டத்தை ரத்து செய்ய 2023 ஜூனில் காங்கிரஸ் அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனால், அதை ஈன்ற வெறுப்பு அரசியல் ஓயவில்லை.

எனவே, சேவை நிறுவனங்கள் தாக்கப்படும்போது துணை நிற்பது நம் கடமை. அதேவேளை, அறம் கொடுப்பவரின் மனத்தைச் சார்ந்தது. உரிமையோ கேட்டுப் பெறுவது. அரசு தன் பொறுப்பைக் கைகழுவும் இடத்தில்தான் ஏழை பிறர் கருணைக்குக் காத்திருக்கிறான். தோழர்களே, வழிபாட்டு உரிமைக்கான போராட்டமும் பொது மருத்துவம், பொதுக் கல்விக்கான போராட்டமும் வேறுவேறல்ல!