வெறுங்காலும் விஞ்ஞானமும்

குற்றாலச் சாரலை அனுபவிக்க ஊரெல்லாம் திரளுகிறது. அதே சாரலில் தென்காசி வட்டாரத்து வயல்களில் வெறுங்காலோடு இறங்கும் உழைப்பாளிப் பெண்களை நினைப்பவர் யார்?

மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் கொக்கிப்புழுவின் இளம்புழு பாதத்தின் தோலைத் துளைத்து ஏறுகிறது; குடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சுகிறது. சோகை வருகிறது, உழைக்கும் சக்தி போகிறது.

2015-ல் மத்திய அரசாங்கம் தேசியக் குடற்புழு நீக்க நாளைத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு ஆல்பெண்டசோல் மாத்திரை கிடைக்கிறது, வரவேற்கிறோம். ஆனால் ஒரே மாத்திரையில் எல்லாப் புழுவும் சாவதில்லை. மண் மாறாதவரை புழு திரும்பவும் ஏறுகிறது. இம்மருந்தும் முதலில் கால்நடைக்கென வந்ததுதான். ஏழையின் நோயில் லாபமில்லை என்பது மருந்து முதலாளிகளின் கணக்கு!

2014-ல் விஞ்ஞானிகள் கொக்கிப்புழுவின் ஜீன்கள் அனைத்தையும் படித்து வெளியிட்டனர். மண்ணில் எந்த ஜீன் வேலை செய்கிறது, குடலில் எது விழிக்கிறது என்றும் ஒப்பிட்டனர். புழு வாழ அவசியமானதும் மனிதனிடம் இல்லாததுமான ஜீனைக் கண்டு தாக்கினால், புது மருந்துக்கு வழி பிறக்கும்.

அந்த ஆராய்ச்சி பொதுப்பணத்தில் நடக்கட்டும், பலன் பொதுச்சொத்தாகட்டும். கழிப்பறைக்கும் காலணிக்குமோ எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. அவற்றை இன்றே கொடு!