பெரிய பேட்டரி போட்டா பிளேன் தொங்குமா?

ஆடிக் காத்து. மணிமுத்தாறு அணைக்குக் கீழே வயல் பக்கம் எங்க ஃபோம் பிளேன். "3 செல் பத்தாது மக்கா, 4 செல் போடு"ன்னு ஒருத்தன் அடம். போட்டோம். 1000 கேவி மோட்டார். லோடு இல்லாம 11.1 வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 11,100 சுத்து, 14.8-க்கு 14,800. புரொப்பெல்லரை மாத்தல. கரண்ட் கிட்டத்தட்ட முக்கால் மடங்கு கூடும்னு யோசிக்கல. சூடு தாங்காம இஎஸ்சி கட். பிளேன் சேத்துல.

என் கட்சி இதுதான்: மூக்கை மேல தூக்கி அந்தரத்துல தொங்க, உந்துவிசை எடையைத் தாண்டணும், அவ்ளோதான். ஒரு கிலோ பிளேனுக்கு ஒன்றரை கிலோ தாராளம். அதுக்கு விட்டம் பெரிய, பிட்ச் கம்மியான புரொப்பெல்லர் போதும். பேட்டரி எடை ஏறினா ஸ்டால் வேகமும் ஏறும், மெதுவா லூப் அடிக்க முடியாது. வாட்மீட்டருக்குக் காசில்ல, இன்னொரு பேட்டரிக்கு மட்டும் எப்படித்தான் வருதோ!