இல்லத்தரசியின் வழக்கு

பெண்ணுரிமை பற்றிய பட்டிமன்றங்களில் ஒன்றைக் கவனித்து வருகிறேன். "பெண்ணுக்கு வீடே போதும்" என்று ஓர் ஆண் சொன்னால் அதை ஆதிக்கம் என்கிறோம். அதையே ஒரு பெண் சொன்னால் அறியாமை என்று சிரிக்கிறோம். உண்மையில் அது அறியாமைதானா? என் கருத்து வேறு. அப்படிச் சொல்லும் பெண்கள் எழுப்பும் கேள்வி நியாயமானது. அவர்கள் தரும் விடைதான் பிழையானது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி எறிந்துவிடுவதால் இழப்பு நமக்கே.

இதற்கு அமெரிக்க வரலாற்றில் தெளிவான சான்று ஒன்று உண்டு. 1972 மார்ச் 22 அன்று அந்நாட்டுச் செனட் சபை, சம உரிமைத் திருத்தத்தை 84-க்கு 8 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றியது. ஆண், பெண் என்ற வேறுபாட்டால் எவருக்கும் சட்டத்தின் முன் சம உரிமை மறுக்கப்படக் கூடாது என்பதே அதன் சாரம். அது அரசியல் சட்டத்தில் ஏற 50 மாநிலங்களில் 38 ஒப்புதல் தர வேண்டும். ஓராண்டிலேயே 30 மாநிலங்கள் தந்துவிட்டன. வெற்றி உறுதி என்றே பலரும் நம்பினர். ஆனால் 1982 ஜூன் 30 அன்று நீட்டித்த கெடுவும் முடிந்தபோது எண்ணிக்கை 35-இல் நின்றது. 2017-க்கும் 2020-க்கும் இடையில் மேலும் மூன்று மாநிலங்கள் ஒப்புதல் தந்தன. எனினும் கெடு கடந்த ஒப்புதல் செல்லுமா என்ற சர்ச்சையில் திருத்தம் சிக்கிக்கொண்டது.

தடுத்தவர்களின் முன்வரிசையில் நின்றவர்கள் பெண்கள் என்பதுதான் வியப்பு. அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பிலிஸ் ஷ்லாஃப்லி, ஆறு குழந்தைகளின் தாய். அவருடைய இயக்கத்துப் பெண்கள் வீட்டில் சுட்ட ரொட்டியும் பழப்பாகும் எடுத்துச் சென்று சட்டமன்ற உறுப்பினர்களிடம் ஆதரவு கேட்டார்கள். தங்கள் சலுகைகளைப் பறிக்காதீர்கள் என்பதே அவர்களின் முழக்கம். எவை அந்தச் சலுகைகள்? மனைவியைக் காப்பாற்றும் கடமை கணவனுடையது. மகளைக் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைக்க முடியாது. கணவனின் சம்பாத்தியத்தைச் சார்ந்து மனைவிக்கும் முதுமையில் உதவித்தொகை உண்டு. சமத்துவம் வந்தால் இவை போய்விடும் என்று அஞ்சினார்கள்.

அந்த அச்சத்தை எண்ணிப் பாருங்கள். இருபது வயதில் மணமுடித்து, சம்பளமே இல்லாமல் இருபத்தைந்து ஆண்டுகள் குடும்பத்துக்கு உழைத்த ஒரு பெண். 1970 முதல் கலிபோர்னியாவில், எவர் மீதும் குற்றம் காட்டாமலே மணவிலக்குப் பெறலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. நாற்பத்தைந்து வயதில் அவளைப் பார்த்து, "இனி நீயும் சமம், நீயே சம்பாதித்துக்கொள்" என்றால் அவள் எங்கே போவாள்? போதாததற்கு, பெண்ணியத்தின் புகழ்பெற்ற எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடன், தமது 1963-ஆம் ஆண்டு நூலில் புறநகர் இல்லத்தரசியின் வீட்டை வதைமுகாமோடு ஒப்பிட்டிருந்தார். வாழ்நாள் உழைப்பைக் கொட்டிய இடத்தை ஒருவர் அப்படிச் சொன்னால் எந்தப் பெண்ணுக்குத்தான் உள்ளம் கொதிக்காது?

இந்தக் குரல் எனக்குப் புதிதன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் அம்மா, "வேலைக்குப் போனா மட்டும் விடிஞ்சிடுமா? உன் சித்தியப் பாரு, ஒரு வேலை ரெண்டு வேலையா ஆச்சு" என்பார். சித்தி பனியன் கம்பெனியில் மாலை வரை நின்றுவிட்டு வந்து அடுப்பு மூட்டுகிறார். அம்மா சொல்வதில் பொய்யில்லை. 2019-ஆம் ஆண்டின் நடுவண் அரசுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். இந்தக் கணக்கு மாறாதவரை, வேலைக்குப் போவதை விடுதலை என்று சொன்னால் என் சித்தியே சிரிப்பார்.

ஆக, கேள்வி சரி. விடையைப் பார்ப்போம். 'கணவன் காப்பாற்றுவான், அதுவே பெண்ணின் சலுகை' என்பது எவ்வளவு உறுதியான சுவர்? 1953-இல் நெப்ராஸ்கா மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. நிலமும் வங்கி இருப்பும் உள்ள ஒருவரின் மனைவி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்தவர், தம் செலவுக்குக் கணவர் பணம் தருவதில்லை என்று முறையிட்டார். வீட்டில் குளியலறைகூட இல்லை. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழும்வரை இதில் நீதிமன்றம் தலையிடாது என்று தீர்ப்பாயிற்று. காப்பாற்றும் கடமை ஏட்டில் இருந்தது. கேட்கும் உரிமை அவர் கையில் இல்லை. கொடுப்பவன் மனம் வைத்தால் மட்டும் கிடைப்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

ஷ்லாஃப்லியின் வாழ்க்கையே இன்னொரு பாடம். இரண்டாம் உலகப் போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துப் பட்டம் பெற்றவர் அவர். நாடாளுமன்றத்துக்கு இருமுறை போட்டியிட்டார். 1978-இல், ஐம்பது வயதுக்கு மேல், சட்டப் பட்டமும் பெற்றார். வீட்டையும் மேடையையும் ஆள அவருக்கு முடிந்தது, கல்வியும் வசதியும் இருந்தபடியால். அவை இல்லாத பெண்ணுக்கு 'வீடே போதும்' என்பது விருப்பமாக இராது, வேறு வழியின்மையாகவே இருக்கும்.

சரியான விடை எது? இல்லத்தரசியின் உழைப்பை உரிமையாக மாற்றுவதே. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திசையில் நடந்தது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், இங்கே குடும்பத்தைக் காத்த மனைவியின் உழைப்பும் கலந்திருக்கிறது, ஆகவே சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டார்கள். தொகை சிறிது, ஆனால் அந்தச் சொல் பெரிது.

எங்கள் வீட்டு மனையை வாங்க அம்மாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. அவற்றில் பாதி திரும்பவில்லை. பத்திரம் அப்பா பெயரில் இருக்கிறது. அம்மா பெயரையும் சேர்க்கலாமே என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா மறுக்கவில்லை. அம்மாதான் குறுக்கிட்டார்: "எனக்கெதுக்குடி அதெல்லாம்? உங்கப்பா இருக்காரு."

அந்த நம்பிக்கையை நான் பழிக்க மாட்டேன். அப்பா நல்லவர். ஆனால் நல்ல கணவன் வாய்ப்பது அதிர்ஷ்டம். பத்திரத்தில் பெயர் இருப்பது உரிமை. மாணவ நண்பர்களே, நம்மில் பலரும் இத்தகைய வீடுகளிலிருந்துதான் வந்திருக்கிறோம். நம் தாய்மார்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட்டுப் பேசும் பெண்ணுரிமை மேடையோடு நின்றுவிடும். முதலில் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்; பிறகு அடுப்படியில் 299-ஐயும் 97-ஐயும் சமன் செய்யத் தொடங்குங்கள். அம்மாவிடம் நான் மீண்டும் கேட்கத்தான் போகிறேன்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)