திரையைக் காக்கிறதாம் ஸ்கிரீன்சேவர்!

நம் வயதுக்காரர் லேப்டாப்பைப் பாருங்கள், சும்மா விட்டால் மீன் நீந்தும். கேட்டால், "திரை கெடாமல் இருக்க" என்பார்கள். இந்த நம்பிக்கை அந்தக் கால குண்டு மானிட்டரோடே போயிருக்க வேண்டும். அதன் கண்ணாடிக்கு உட்புறம் பாஸ்பர் பூச்சு. ஒரே எழுத்து மாதக்கணக்கில் நின்றால் அந்த இடம் தேய்ந்து, அணைத்த பிறகும் நிழலாய்த் தெரியும். அலுவலகங்களில் பார்த்திருப்பீர்கள்.

எல்சிடி திரையில் அந்தப் பூச்சு இல்லை. பின்னால் எல்இடி விளக்கு. மீன் நீந்தினாலும் விளக்கு எரிகிறது, பேட்டரி கரைகிறது. ஆளில்லாத அறையில் டியூப்லைட் எரிந்தால் வீட்டையே இரண்டாக்கும் நாம், இதை மட்டும் விட்டுவிடுகிறோம்! ஓஎல்இடி திரையில் நிழல் படியும், உண்மை. அதற்கும் திரையை அணைப்பதே நல்லது.

இலவச ஸ்கிரீன்சேவரை இணையத்திலிருந்து இறக்குவது இன்னும் மோசம். அது படமல்ல ஐயா, புரோகிராம். மீனோடு வைரஸும் வரலாம். பென்ஷன் கணக்கைப் பார்ப்பதும் அதே லேப்டாப்பில்தானே?

பாஸ்வேர்டு பூட்டுக்காக என்கிறீர்களா? எழும்போது விண்டோஸ் பட்டனோடு 'எல்' அழுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் திரை தானாக அணையும்படி செட்டிங்ஸில் வைத்துவிடுங்கள். பேரன் படம் ஓட வேண்டுமென்றால், பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். அதற்குக் கரண்ட் வேண்டாம்.