தூணை அறுத்தது யார்?

வெளிநாடு போய் வருபவனிடம் "என்ன வாங்கி வந்தாய்?" என்று கேட்பது வழக்கம். 2024-ல் தோல் வியாபார விஷயமாகத் துருக்கி போய்த் திரும்பிய நான் வாங்கி வந்தது ஒரு கேள்வியைத்தான்.

இஸ்தான்பூலில் வேலை முடிந்ததும் அங்குள்ள வியாபார நண்பர் என்னைத் தெற்கே அந்தாக்கியாவுக்கு அழைத்துச் சென்றார். தெருத் தெருவாக வெற்று மனைகள். வீடிழந்த மக்கள் தகரப் பெட்டி வீடுகளில்!

2023 பிப்ரவரி 6, அதிகாலை 4.17 மணி. ஊர் உறங்கும் நேரத்தில் 7.8 அளவில் பூமி குலுங்கியது. சுமார் ஒன்பது மணி நேரத்தில் மீண்டும் ஒரு பெரும் நடுக்கம். துருக்கியில் மட்டும் 53,000 பேருக்கு மேல் மாண்டனர். சிரியாவில் ஆயிரக்கணக்கானோர்.

இது இறைவனின் நாட்டம் என்று சொல்லி ஒரு பெருமூச்சோடு நகர்ந்திருப்பேன். நண்பர் விடவில்லை. ஒரு வெற்று மனையையும் அதன் பக்கத்தில் விரிசலோடு நின்ற கட்டடத்தையும் காட்டி, "இரண்டுக்கும் கீழே ஒரே பூமிதானே?" என்றார்.

சகோதரர்களே, பதில் நமக்குத் தெரியாததா? 1999 ஆகஸ்டு 17 பூகம்பத்தில் அதே நாட்டில் 17,000 பேருக்கு மேல் இறந்தனர். அதன்பின் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆனால் 2018-ல், தேர்தலை ஒட்டி, விதிமீறிய கட்டடங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு மன்னிப்பு வழங்கப்பட்டது. அரசு மன்னித்தது, பூமி மன்னிக்கவில்லை! 2023-ல் கைதானவர்களில் காண்டிராக்டர்கள் மட்டுமல்ல, இடத்தை விசாலமாக்கத் தூணை அகற்றியவர்களும் இருந்தனர்.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பயணத்துக்குச் சில மாதம் முன்புதான் என் கடையின் நடுவே நின்ற பில்லரை எடுத்துவிடலாமா என்று கொத்தனாரிடம் கேட்டிருந்தேன். "எடுத்துடலாம் பாய், மேலே ஒரு இரும்பு கர்டர் கொடுத்துடலாம்" என்றார். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட்டேன். உயிருக்குப் பயந்து அல்ல. மாடியில் இரண்டு குடும்பங்கள் குடியிருக்கின்றன!

நம் பக்கம் பூகம்பம் வராது என்கிறீர்களா? 2001 ஜனவரி 26-ல் பூகம்பம் தாக்கியது கட்ச் பகுதியை. அங்கிருந்து 200 கிலோ மீட்டருக்கும் அப்பால் இருந்த அஹமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. கார் நிறுத்தக் கீழ்த்தளத்தைத் திறந்துவிட்டு, மெலிந்த தூண்கள் மீது மாடிகளை ஏற்றியதும் அதற்கு ஒரு காரணம். 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் பூமி அசையவே இல்லை. கட்டிக்கொண்டிருந்த 11 மாடி தானாகவே சரிந்து 61 பேரைக் கொன்றது.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேச நம் மார்க்கம் கற்றுத் தரவில்லை. வாடகைக்கு ஆசைப்பட்டு அனுமதியில்லாத மாடி எழுப்புவது, ஷோரூமுக்காகத் தூணில் கை வைப்பது, மாடிப்படியில் சரக்கு அடுக்குவது எல்லாம் விதி அல்ல, நம் கைவேலை.

வியாபாரப் பெருமக்களே, சுவரைத் தொடுமுன் ஓர் இன்ஜினியரைக் கேளுங்கள். சிவில் படித்த இளைஞர்களே, உங்கள் மஹல்லாவின் கடைகளையும் மதரஸாவையும் ஒருமுறை நடந்து பாருங்கள். கண்ட குறையை முகத்துக்கு அஞ்சாமல் ஜமாஅத்தில் சொல்லுங்கள்.

என் கடையில் அந்தத் தூண் இன்னும் நிற்கிறது. இடம் குறைவுதான். பரவாயில்லை, நிற்கட்டும்.